ரெண்டர் பாதியில் நின்றால்: நிரம்பியது ரேமா, கார்டா, சி டிரைவா?

ரெண்டர் (கம்ப்யூட்டரில் செய்த 3டி காட்சியைப் படமாகவோ வீடியோவாகவோ வெளியே எடுப்பது) பாதியில் நின்றுவிட்டது என்று தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ எந்தக் கம்ப்யூட்டர் கடையில் போய்ச் சொன்னாலும் முதலில் வரும் பதில் "ரேம் போட்டுக்கோங்க சார்" என்பதுதான். சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் 16 ஜிபியை 32 ஆக்கிக்கொண்டு வந்து, அதே ஃபைலைத் திறந்து ரெண்டர் கொடுத்தால் அதே எரர் அதே இடத்தில் வந்து நிற்கும் கதைதான் அதிகம். ஏனென்றால் நிரம்பியது ரேமே இல்லை, கிராஃபிக்ஸ் கார்டுக்குள் இருக்கிற 4 ஜிபி. இல்லாவிட்டால் சி டிரைவ். காசு செலவழிப்பதற்கு முன்னால் எது நிரம்பியது என்று பார்த்துவிடுங்கள், பத்து நிமிஷ வேலை.

ஓசூர் பக்கம் வீட்டு எலிவேஷன் படம் செய்கிறவர்கள், கல்யாண வீடியோவுக்கு டைட்டில் செய்யும் ஸ்டுடியோக்காரர்கள், ஃப்ளெக்ஸ் கடைக்காரர்கள், லேப்டாப்பில் பிளெண்டர் என்கிற 3டி சாஃப்ட்வேர் பழகும் கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லாருக்கும் வருவது ஒரே பிரச்சினைதான். நான் பெரும்பாலும் பிளெண்டரை வைத்தே சொல்கிறேன், இலவசம் என்பதால் அதை யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். ரெண்டர் செய்யும் வி-ரே, வீடியோவுக்கு எஃபெக்ட் போடும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் சமாச்சாரங்கள் நடுநடுவே வரும். மெனுக்கள் வெர்ஷனுக்கு வெர்ஷன் கொஞ்சம் இடம் மாறும், பெயரை வைத்துத் தேடிக்கொள்ளுங்கள்.

முதலில் எது நிரம்பியது என்று பாருங்கள்

ரெண்டர் நடக்கும்போது நான்கு இடங்கள் நிரம்பலாம். கிராஃபிக்ஸ் கார்டுக்குள்ளேயே இருக்கும் மெமரியான விரேம், மதர்போர்டில் இருக்கும் ரேம், ரேமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும் பேஜ் ஃபைல், அப்புறம் படம் போய் விழுகிற டிஸ்க். எரர் வந்ததும் படிக்காமல் ஓகே கொடுத்து மூடிவிடாதீர்கள், மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"சிஸ்டம் இஸ் அவுட் ஆஃப் ஜிபியு மெமரி" என்றோ, குடா எரர் என்று தொடங்கி "அவுட் ஆஃப் மெமரி" என்று போகும் வரியோ வந்தால் அது விரேம். எரரே காட்டாமல் பிளெண்டர் சட்டென்று மூடிக்கொண்டாலோ, மெஷினே உறைந்துபோய் மவுஸ் நகராமல் டிஸ்க் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தாலோ ரேமையும் பேஜ் ஃபைலையும் சந்தேகப்படுங்கள். "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்றால் டிஸ்க். ரெண்டர் முடிந்த மாதிரி காட்டிவிட்டு கடைசிச் சில ஃப்ரேம்கள் 0 கேபி என்று கிடந்தாலும் டிஸ்க்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். "இல்லீகல் அட்ரஸ்", "லாஞ்ச் ஃபெயில்ட்" என்று வருவது வேறு ரகம், அது இடப் பிரச்சினையாகவே இல்லாமல் போகலாம். கார்டு 2 விநாடிக்கு மேல் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரை ரீசெட் செய்துவிடும், டிரைவரில் கோளாறு இருந்தாலும் இப்படித்தான் வரும். அப்போது டெக்ஸ்சரை (பொருள்களின் மேல் ஒட்டும் படத்தை)க் குறைத்துக்கொண்டு உட்காராமல் டிரைவரை மாற்றிப் பாருங்கள்.

அடுத்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபாமன்ஸ் பக்கத்தை ஓரமாக வைத்துக்கொண்டு ஒரே ஒரு ஃப்ரேம் ரெண்டர் கொடுங்கள். ஜிபியு பகுதியில் டெடிகேட்டட், ஷேர்டு என்று இரண்டு கணக்கு இருக்கும். டெடிகேட்டட்தான் கார்டின் சொந்த விரேம். ஷேர்டு என்பது ரேமிலிருந்து கடன் வாங்கக்கூடிய அளவு, வழக்கமாக ரேமில் பாதி. 16 ஜிபி ரேமும் 4 ஜிபி கார்டும் உள்ள லேப்டாப்பில் இரண்டையும் கூட்டி ஜிபியு மெமரி கிட்டத்தட்ட 12 ஜிபி என்று விண்டோஸ் காட்டும், அந்த 12ஐப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். மெமரி பகுதியில் 'கமிட்டட்' என்று ஒரு ஜோடி எண்கள் இருக்கும், அதையும் பாருங்கள். அதன் விவரம் பின்னால் வருகிறது, நிறையப் பேர் கோட்டை விடுவது அங்கேதான்.

பிளெண்டரிலேயே கீழே இருக்கும் ஸ்டேட்டஸ் பாரில் ரைட் கிளிக் செய்து சிஸ்டம் மெமரி, வீடியோ மெமரி இரண்டையும் டிக் செய்து வைத்துக்கொண்டால் எப்போதும் கண்ணெதிரே இருக்கும். ரெண்டர் ஓடும்போது படத்தின் மேல் வரியில் 'பீக்' என்று ஓர் எண் வரும், அதுவரைக்கும் எட்டிய உச்சம் அது.

முதல் ஃப்ரேம் ஓடி 140வது ஃப்ரேமில் நிற்கிறது என்றால் நடுவில் ஏதோ வளர்கிறது. பார்ட்டிக்கிள் கூடியிருக்கலாம், புகை பரவியிருக்கலாம், கேமரா ஏதாவது ஒரு பொருளின் மூக்குக்கு முன்னால் போயிருக்கலாம். நின்ற ஃப்ரேமை மட்டும் தனியாக ரெண்டர் கொடுத்துப் பாருங்கள். தனியாகக் கொடுத்தாலும் நின்றால் அந்த ஃப்ரேமில் உள்ள காட்சிதான் காரணம். தனியாக ஓடிவிட்டால் காட்சி காரணம் இல்லை, தொடர்ந்து ஓடும்போது மெமரி கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்குகிறது என்று அர்த்தம், அதற்கு மருந்து வேறு.

விரேம் நிரம்பினால்

டிஸ்க்கில் 3 எம்பி இருக்கிற ஜேபெக் எப்படி ஒரு கார்டை நிரப்பும் என்று கேட்பார்கள். ஜேபெக் என்பது பொரிக்காத அப்பளம். கட்டாக இருக்கும்போது கைக்குள் அடங்கும், எண்ணெயில் போட்டால் தட்டு கொள்ளாது. கார்டுக்குள் போகும்போது ஒவ்வொரு பிக்சலும் முழுசாக விரிந்துதான் உட்காரும். 4096க்கு 4096 பிக்சல் உள்ள ஒரு 4கே டெக்ஸ்சர், பிக்சலுக்கு 4 பைட் வீதம் 64 எம்பி பிடிக்கும், அதன் ஃபைல் 3 எம்பியா 30 எம்பியா என்பதெல்லாம் இங்கே கணக்கிலேயே வராது. 2கே என்றால் 16 எம்பி, 8கே என்றால் 256 எம்பி. ஒரு மெட்டீரியலுக்கு நிறம், ரஃப்னஸ், நார்மல், டிஸ்பிளேஸ்மென்ட், ஏஓ என்று ஐந்து படம் மாட்டினால் 4கேயில் 320 எம்பி. சுவர், தரை, கிரானைட், தேக்கு, புல், காம்பவுண்ட் கல் என்று பத்து மெட்டீரியல் வந்துவிட்டால் 3.2 ஜிபி. 4 ஜிபி கார்டில் விண்டோஸும் பிரவுசரும் எடுத்தது போக மிச்சம் என்ன இருக்கும்?

ரெண்டர் அளவே 1920க்கு 1080 என்னும்போது, ஒரு மூலையில் கட்டைவிரல் அளவு தெரிகிற பூந்தொட்டிக்கு 4கே எதற்கு? ரெண்டர் ப்ராப்பர்ட்டீஸில் 'சிம்ப்ளிஃபை' என்பதை டிக் செய்து, அதற்குள் ரெண்டர் என்ற பகுதியில் 'டெக்ஸ்சர் லிமிட்'டை 2048 என்று வையுங்கள். ஃபைலில் எதுவும் மாறாது, ரெண்டர் நேரத்தில் மட்டும் சுருக்கிக்கொள்ளும். அந்த 3.2 ஜிபி 800 எம்பி ஆகிவிடும். வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள், நிறையப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். கேமராவுக்கு நேர் எதிரே நிற்கிற வாசல் கதவு மங்கலாகிவிட்டது என்றால் லிமிட்டை எடுத்துவிட்டு, தூரத்தில் இருப்பவற்றின் டெக்ஸ்சரை மட்டும் ஜிம்ப்பில் சுருக்கி வேறு பெயரில் சேமித்து மாட்டலாம். இது கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை, ஆனால் ஒருமுறை செய்தால் அடுத்த வீட்டுக்கும் அதே டெக்ஸ்சர்களைப் பயன்படுத்தலாம்.

ரஃப்னஸ், டிஸ்பிளேஸ்மென்ட் எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். அதைக் கலர் படமாகச் சேமித்து வைத்திருந்தால் பிளெண்டரின் ரெண்டர் என்ஜினான சைக்கிள்ஸ் நான்கு சேனலுக்கும் இடம் ஒதுக்கும். ஜிம்ப்பில் கிரேஸ்கேலுக்கு மாற்றிச் சேமித்தால் 64 எம்பி 16 எம்பியாக இறங்கும், தரம் ஒரு துளி குறையாது. 16 பிட் படமாக இருந்தால் எல்லாம் இரட்டிப்பு. வானத்துக்குப் போடும் எச்டிஆர் படத்தையும் விட்டுவிடாதீர்கள்; 8192க்கு 4096 அளவுள்ள ஒன்று முழு ஃப்ளோட்டில் (சேனலுக்கு 32 பிட்) 512 எம்பி, ஹாஃப் ஃப்ளோட்டில் (16 பிட்) 256. வெறும் வெளிச்சத்துக்காக மட்டும் போட்டிருக்கிறீர்கள், படத்தில் வானம் தெரியவில்லை என்றால் 2கே போதும், வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

டெக்ஸ்சருக்கு அப்புறம் ஜியோமெட்ரி, அதாவது பொருளின் வடிவம். ஃபேஸ் என்கிற சின்னச் சின்னப் பட்டைகளைக் கோத்த வலைதான் மெஷ். கிருஷ்ணகிரியில் வருஷா வருஷம் நடக்கும் மாங்கனி கண்காட்சியில் ஒரு கடையின் எல்இடி திரையில் ஓட மாந்தோப்பு ஒன்று செய்யச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மரம் இலையோடு சேர்த்து 5 லட்சம் ஃபேஸ். அதை ஷிஃப்ட் டி போட்டு 200 மரமாக்கினால் ஒவ்வொன்றும் தனித்தனி மெஷ், மொத்தம் 10 கோடி ஃபேஸ், எந்த வீட்டுக் கார்டும் மூச்சு விடாது. ஆல்ட் டி போட்டு நகல் எடுத்தால் 200 மரமும் ஒரே மெஷ்ஷைப் பகிர்ந்துகொள்ளும், மெமரியில் ஒரு மரத்தின் கனம்தான். இதில் ஒரு சூட்சுமம் உண்டு: மரத்தின் மேல் சப்டிவிஷன் (ஃபேஸ்களை இன்னும் பொடியாகப் பிரித்து வழவழப்பாக்குவது) மாதிரி ஏதாவது மாடிஃபையர் ஒட்டிக்கொண்டிருந்தால் ஆல்ட் டி போட்டும் பயனில்லை, ஒவ்வொரு நகலுக்கும் மாடிஃபையர் தனியாகக் கணக்கிடப்பட்டு மறுபடியும் 200 தனி மெஷ் ஆகிவிடும். நகல் எடுப்பதற்கு முன்னாலேயே மாடிஃபையரை அப்ளை செய்துவிடுங்கள், இல்லையென்றால் மரத்தை ஒரு கலெக்‌ஷனில் போட்டு கலெக்‌ஷன் இன்ஸ்டன்ஸாக வையுங்கள். எல்லா மரமும் ஒரே அச்சாகத் தெரியாதா என்றால், மூன்று விதமான மரம் செய்து, சுற்றியும் சிறிது பெரிதாக்கியும் கலந்துவிட்டால் பார்க்கிறவருக்குத் தெரியாது.

சப்டிவிஷன் ஒரு லெவல் ஏறினால் ஃபேஸ் நான்கு மடங்கு. 4 லெவல் என்றால் 256 மடங்கு. கொத்துக் கொத்தாகத் தொங்குகிற கிளிமூக்கு மாங்காய் ஒவ்வொன்றுக்கும் 4 லெவல் கொடுத்து வைத்திருப்பார்கள், திரையில் அது பத்து பிக்சல்கூட இருக்காது. சிம்ப்ளிஃபையிலேயே 'மேக்ஸ் சப்டிவிஷன்' இருக்கிறது, அதை 2 ஆக்கினால் மொத்தக் காட்சிக்கும் கடிவாளம். அடாப்டிவ் சப்டிவிஷன் போட்டிருந்தால், கேமரா நெருங்க நெருங்க அது துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே போகும், அந்த 140வது ஃப்ரேம் கதைக்குப் பல நேரம் காரணம் இதுதான். எவ்வளவு பொடியாக வெட்டுவது என்று சொல்லும் டைசிங் ரேட்டை 1லிருந்து 2 ஆக்கிப் பாருங்கள்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள், சில்லறை என்றாலும் 4 ஜிபி கார்டில் இவைதான் உயிர் காக்கும். ரெண்டர் கொடுக்கும் முன் வியூபோர்ட்டை (காட்சியைப் பார்த்து வேலை செய்யும் ஜன்னலை) சாலிட் மோடுக்கு மாற்றுங்கள். ரெண்டர்டு மோடில் விட்டுவிட்டு எஃப்12 அழுத்தினால் அதே காட்சி கார்டில் இரண்டாவது முறை ஏறும். பிரவுசரை மூடுங்கள், அதுவும் கார்டைத் தின்னும். பர்சிஸ்டன்ட் டேட்டா டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள், அது வேகத்துக்காக மெமரியைப் பிடித்து வைத்துக்கொள்வது. 2024 மார்ச்சில் வந்த பிளெண்டர் 4.1இலிருந்து படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் ஓபன் இமேஜ் டீநாய்ஸ் கார்டிலேயே ஓடுகிறது, அதனால் பழைய வெர்ஷனில் ஓடிய ஃபைல் புதியதில் கடைசி நொடியில் நின்றால் டீநாய்ஸ் பகுதியில் 'யூஸ் ஜிபியு'வை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

டைல் (படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ரெண்டர் செய்யும் கட்டம்) சைஸைக் குறைத்தால் சரியாகும் என்று பழைய வீடியோக்களில் சொல்வார்கள். 2021 டிசம்பரில் வந்த 3.0க்கு அப்புறம் அந்தக் கதை மாறிவிட்டது. இப்போது டைல் 2048 என்று இருக்கும், உங்கள் படம் 1920க்கு 1080 என்றால் மொத்தப் படமும் ஒரே டைலுக்குள் அடங்கிவிடும், அங்கே பெரிய லாபம் எதுவும் இல்லை. மிகப் பெரிய படங்களுக்குத்தான் டைல் உதவும். அதுவும் படத்துக்கான மெமரியைத்தான் குறைக்கும், டெக்ஸ்சருக்கும் மெஷ்ஷுக்கும் ஆகிற மெமரியைத் தொடாது.

எரரே இல்லாமல், நேற்று 2 நிமிஷம் எடுத்த ஃப்ரேம் இன்று அரை மணி நேரம் எடுக்கிறது என்றால் அதுவும் விரேம் நிரம்பியதன் அடையாளமாக இருக்கலாம். கார்டில் இடம் போதாமல் மிச்சத்தை ரேமில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் அங்கே ஓடிப்போய் எடுத்து வருகிறது. எதுவும் கைகொடுக்காவிட்டால் சிபியுவுக்கு மாற்றிவிட்டு இரவு ஓடவிடுங்கள். அப்போது கணக்கு ரேமுக்குப் போய்விடும், மெதுவாக ஓடினாலும் முடித்துவிடும். ஒரு 8 ஜிபி கார்டோடு இன்னொரு 8 ஜிபி கார்டைச் சேர்த்தால் 16 ஆகும் என்று சொல்லி விற்பார்கள். சாதாரணமாக ஆகாது, காட்சி இரண்டிலும் முழுசாக ஏற வேண்டும்.

எலிவேஷன்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கெட்ச்அப்பில் வாசலில் நிறுத்துவதற்கு இறக்குமதி செய்யும் கார்தான் பல நேரம் வீட்டைவிடக் கனமாக இருக்கும், என்ஜின் போல்ட் வரைக்கும் மாடல் செய்திருப்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் தெரியாததை எல்லாம் அழியுங்கள், அல்லது வி-ரே பிராக்ஸியாக (ரெண்டர் நேரத்தில் மட்டும் ஏறும் தனி ஃபைலாக) மாற்றுங்கள். மாடல் இன்ஃபோவில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போய் 'பர்ஜ் அன்யூஸ்டு' கொடுத்தால் போட்டுப் பார்த்துக் கழித்த சோபாக்கள் எல்லாம் வெளியே போகும். பெரிய ஸ்டில் எடுக்கும்போது முழுப் படத்தையும் ஒன்றாகத் தெளிவாக்கும் ப்ரோக்ரஸிவ் மோடைவிட, கட்டம் கட்டமாக முடிக்கும் பக்கெட் மோடு குறைந்த மெமரியில் ஓடும்.

ரேம் இருக்கிறது, ஆனாலும் மெமரி எரர்

கமிட்டட் என்று ஒரு ஜோடி எண் சொன்னேனே, அது இங்கேதான். 16 ஜிபி ரேம் உள்ள மெஷினில் 15.2/17.1 என்கிற மாதிரி இருக்கும். இரண்டாவது எண்தான் எல்லை, அது ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த கூட்டு. புரோகிராம் "எனக்கு இவ்வளவு வேண்டும்" என்று கேட்கும்போது விண்டோஸ் இந்த எல்லையைப் பார்த்துத்தான் சரி சொல்லும், ரேம் காலியாக இருக்கிறதா என்று பார்த்து அல்ல. பேஜ் ஃபைல் வழக்கமாக சி டிரைவில் இருக்கிறது, தேவைப்பட்டால் தானாக வளரும். சி டிரைவில் 2 ஜிபிதான் மிச்சம் என்றால் எங்கே போய் வளரும்? அதனால்தான் டிஸ்க் நிரம்பிய பிரச்சினை மெமரி எரர் என்ற வேஷத்தில் வருகிறது, நீங்கள் ரேம் கடைக்குப் போகிறீர்கள்.

இன்னொரு வகையினர், வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு 'நோ பேஜிங் ஃபைல்' என்று வைத்திருப்பவர்கள். ரெண்டர் வேலைக்கு அது ஆகாது. ஸ்டார்ட்டில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடி, பெர்ஃபாமன்ஸ், அட்வான்ஸ்டு, வர்ச்சுவல் மெமரி என்று உள்ளே போய் 'சிஸ்டம் மேனேஜ்டு' என்று வையுங்கள். சி டிரைவ் சின்னது, 120 ஜிபி எஸ்எஸ்டிதான் என்றால் டி டிரைவுக்கும் ஒரு பேஜ் ஃபைல் கொடுக்கலாம். டி டிரைவ் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் மெஷின் ஆமை வேகத்தில் போகும்தான், ஆனால் சாகாது.

மெமரி தேங்குவதற்கு மருந்து வேறு என்று சொன்னது இதைத்தான்: திரையில் பிளெண்டரைத் திறக்காமல் கமாண்ட் பிராம்ப்ட்டிலிருந்து ரெண்டர் கொடுப்பது. பிளெண்டர் என்று அடித்து, மைனஸ் பி (-b), ஃபைலின் பெயர், மைனஸ் எஸ் (-s) போட்டுத் தொடக்க ஃப்ரேம், மைனஸ் இ (-e) போட்டு முடிவு ஃப்ரேம், கடைசியாக மைனஸ் ஏ (-a). எழுத்தெல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. வரிசை முக்கியம், கொடுத்த வரிசையிலேயே அது வேலை செய்யும் என்பதால் மைனஸ் ஏ முன்னால் போய்விட்டால் நீங்கள் சொன்ன ஃப்ரேம் எண்களைக் கவனிக்காமலே ஓட ஆரம்பித்துவிடும். 1 முதல் 100, 101 முதல் 200 என்று பிரித்து ஒரு பேட்ச் ஃபைலில் எழுதிவிட்டால் ஒவ்வொரு நூறுக்கும் பிளெண்டர் மூடித் திறந்துகொள்ளும், தேங்கியதெல்லாம் கழுவி விடப்படும். வியூபோர்ட்டே இல்லாததால் கொஞ்சம் விரேமும் மிச்சமாகும்.

லினக்ஸில் ஓட்டுகிறவர்களுக்கு: பிளெண்டர் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தால் டெர்மினலில் டிமெஸ்ஜி (dmesg) கமாண்ட் கொடுத்துப் பாருங்கள், ரேம் போதாமல் கெர்னலே கொன்றிருந்தால் அதில் எழுதியிருக்கும். சில டிஸ்ட்ரோக்களில் டெம்ப் ஃபோல்டரே ரேமில்தான் இருக்கிறது, அங்கே ரெண்டர் அவுட்புட் போனால் படம் ஏற ஏற ரேம் நிரம்பும்.

டிஸ்க் நிரம்பினால்

பிளெண்டரில் அவுட்புட் ஃபோல்டரை மாற்றாமல் விட்டால் விண்டோஸில் அது சி டிரைவில் டிஎம்பி என்ற ஃபோல்டருக்குத்தான் போகும். பழைய ப்ராஜெக்ட்டுகளின் ஆயிரக்கணக்கான பிஎன்ஜி அங்கே தூங்கிக்கொண்டிருக்கும், போய்ப் பாருங்கள். ப்ரிஃபரன்சஸில் ஃபைல் பாத்ஸ் போய் டெம்பரரி ஃபைல்ஸையும் டி டிரைவுக்கு மாற்றுங்கள், பெரிய படங்களின் டைல்கள் எல்லாம் அங்கேதான் எழுதப்படும்.

சி டிரைவில் எது இடத்தைத் தின்றது என்று ஒவ்வொரு ஃபோல்டராக ப்ராப்பர்ட்டீஸ் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். விஸ்ட்ரீ, விண்டிர்ஸ்டாட் இரண்டில் ஒன்றைப் போட்டால் பெரியதிலிருந்து சிறியதாக வரிசை போட்டுக் காட்டும். ஸ்டுடியோ மெஷின்களில் வழக்கமாக மேலே வருவது ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் டிஸ்க் கேஷும் பிரீமியரின் மீடியா கேஷும். ப்ரிஃபரன்சஸில் 'மீடியா அண்ட் டிஸ்க் கேஷ்' (பிரீமியரில் 'மீடியா கேஷ்') போய் காலி செய்யுங்கள், அங்கேயே இடத்தையும் டி டிரைவுக்கு மாற்றி அளவுக்கும் ஒரு வரம்பு வையுங்கள். கேஷ்தான், அழித்தால் வேலை போகாது, மறுபடி தேவையானதை அதுவே செய்துகொள்ளும். ஹைபர்னேட் பயன்படுத்தாதவர்கள் அதை அணைத்தால் ரேம் அளவில் சுமார் 40 சதவீத இடம் சி டிரைவில் கிடைக்கும், 16 ஜிபி மெஷினில் 6 ஜிபிக்கு மேல்.

ரெண்டர் தொடங்கும் முன் எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போடுவது சுலபம், ஆனாலும் யாரும் செய்வதில்லை. முதல், நடு, கடைசி என்று மூன்று ஃப்ரேம் ரெண்டர் செய்து, அதில் பெரிய ஃபைலின் அளவை மொத்த ஃப்ரேம் எண்ணிக்கையால் பெருக்குங்கள், மேலே ஒரு கால்பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிஷ வீடியோ விநாடிக்கு 25 வீதம் 1500 ஃப்ரேம். 1080 அளவில் ஹாஃப் ஃப்ளோட் இஎக்ஸ்ஆர் (நிற விவரம் அதிகம் தாங்கும் பட ஃபார்மட்), சுருக்காமல் ஒரு லேயருக்கு 16.6 எம்பி, மொத்தம் 25 ஜிபி. முழு ஃப்ளோட் என்றால் 50. பத்து பாஸ் (நிழல், பளபளப்பு என்று தனித்தனியாகப் பிரித்து எடுக்கும் லேயர்) டிக் செய்துவிட்டு இடம் போதவில்லை என்றால் யார்மேல் தப்பு? கம்போசிட்டிங் (லேயர்களைப் பின்னால் சேர்த்துத் திருத்துவது) செய்யப் போவதில்லை என்றால் பாஸ் எதுவும் வேண்டாம், பிஎன்ஜி போதும். செய்யப் போகிறீர்கள் என்றால் நிறத்துக்கு ஹாஃப் ஃப்ளோட்டும் டிடபிள்யூஏஏ சுருக்கமும் வைக்கலாம். பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்க மாஸ்க் தரும் கிரிப்டோமேட்டுக்கு மட்டும் முழு ஃப்ளோட், இழப்பில்லாத சுருக்கம்தான் வேண்டும், இல்லாவிட்டால் மாஸ்க் உடைந்துவிடும்.

நேராக எம்பி4 ஆக ரெண்டர் செய்யாதீர்கள். அந்த ஃபைலைத் திறப்பதற்கு வேண்டிய அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும், 1400வது ஃப்ரேமில் கரண்ட் போனால் முன்னால் ஓடிய 1399ம் போச்சு. சித்திரை வைகாசியில் சாயங்கால இடிமழைக்கு நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும். பட வரிசையாக எடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அவுட்புட்டில் 'ஓவர்ரைட்' டிக்கை எடுத்துவிட்டால் ஏற்கெனவே இருக்கும் ஃப்ரேமைத் தாண்டிப் போகும். 'பிளேஸ்ஹோல்டர்ஸ்' போட்டிருந்தால் மட்டும் ஒரு கவனம் வேண்டும்: ரெண்டர் ஆரம்பிக்கும்போதே அந்தப் பெயரில் ஒரு காலி ஃபைலை வைத்துவிடும், கரண்ட் போய்த் திரும்ப வந்தபின் அந்த 0 கேபி ஃபைலையும் முடிந்த ஃப்ரேம் என்று நினைத்துத் தாண்டிவிடும். மறுபடி தொடங்கும் முன் ஃபோல்டரை அளவு வாரியாக அடுக்கி 0 கேபி உள்ளதையெல்லாம் அழித்துவிடுங்கள்.

அப்புறம் பென்டிரைவ். 64 ஜிபி காலியாக இருக்கிறது, ஆனாலும் முடிந்த வீடியோவைக் காப்பி செய்தால் இடமில்லை, ஃபைல் பெரியது என்கிறதா? ஃபேட்32 என்று ஃபார்மட் ஆகியிருக்கும், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மட் செய்யுங்கள். மண்டபத்து எல்இடி திரைக்காரரின் பெட்டி எக்ஸ்ஃபேட்டை எடுக்குமா என்று மட்டும் முன்னாலேயே ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃப்ளெக்ஸும் தண்ணீரும்

ஃப்ளெக்ஸ் வேலையில் மெமரி எரர் வந்தால் பெரும்பாலும் மெஷின்மேல் குற்றமே இல்லை. 20 அடிக்கு 10 அடி பேனர், "300 டிபிஐ வேணும்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள் என்று 72,000க்கு 36,000 பிக்சல் போடுவார்கள். பிக்சலுக்கு 16 பைட் வீதம் படத்துக்கு மட்டுமே 41 ஜிபிக்கு மேல், இன்னும் காட்சியே ஏறவில்லை. சாலையோரத்தில் பஸ்ஸிலிருந்து பார்க்கிற பேனருக்கு 300 எதற்கு? 72 டிபிஐ வைத்தால் 17,280க்கு 8,640, 2.4 ஜிபி. 40 டிபிஐ வைத்தால் 9,600க்கு 4,800, வெறும் 740 எம்பிக்குள். தூரத்தில் நிற்கிற பேனருக்கு 40 போதும் என்பது என் கட்சி, பிரிண்ட் போடுகிறவரிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் இடம் போதாவிட்டால் ரெண்டர் ரீஜனில் நான்கு துண்டாக எடுத்து ஒட்டலாம், எல்லாத் துண்டுக்கும் ஒரே சாம்பிள் எண்ணிக்கை இருக்க வேண்டும்.

ஒகேனக்கல் மாதிரி அருவி ஒன்று சிமுலேஷன் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு: ரெசல்யூஷன் டிவிஷன்ஸ் இரண்டு மடங்கானால் செல்கள் எட்டு மடங்கு. கனசதுர டொமைனில் (சிமுலேஷன் நடக்கும் பெட்டியில்) 256 என்றால் 1.68 கோடி செல், ஓர் எண்ணை மட்டும் வைக்கவே 67 எம்பி, தண்ணீரின் திசைவேகத்துக்கு மூன்று எண் என்பதால் 200 எம்பி, இதெல்லாம் ஒரே ஃப்ரேமுக்கு. இது ரேமையும் தின்னும், கேஷாக டிஸ்க்கையும் தின்னும். டிவிஷன்ஸ் எண் டொமைனின் நீளமான பக்கத்துக்குத்தான், அதனால் தண்ணீர் போகாத காற்றுவெளியை எல்லாம் வெட்டி டொமைனை அருவியை ஒட்டி ஒடுக்கமாக வையுங்கள். பாறை முழுவதற்கும் ஒரே டொமைன் போடாமல் கேமராவுக்கு முன்னால் விழுகிற ஓர் அருவியை மட்டும் சிமுலேட் செய்து, பின்னால் தெரிவதற்கு வீடியோ ஒட்டிய பிளேன் வைத்தால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. கேஷ் ஃபோல்டரை நீங்களே டி டிரைவில் தேர்ந்து வையுங்கள், 64இல் போட்டுப் பார்த்த கேஷை 'ஃப்ரீ' கொடுத்து அழித்துவிட்டு 128க்குப் போங்கள்.

இத்தனையும் பார்த்தபின் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், டாஸ்க் மேனேஜர் காட்டியதை வைத்து வாங்குங்கள். கமிட்டட் எல்லையை முட்டுகிறது, சி டிரைவும் சின்னது என்றால் முதலில் பெரிய எஸ்எஸ்டி. சி டிரைவில் இடம் இருந்தும் மெஷின் பேஜ் ஃபைலில் தள்ளாடுகிறது என்றால் ரேம். டெடிகேட்டட் மட்டும் முட்டுகிறது என்றால் கார்டு. அங்கே வேகத்தைவிட விரேமைப் பாருங்கள், 12 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060, 8 ஜிபி உள்ள 4060ஐவிடப் பழசானாலும் கனமான காட்சியை ஏற்றிக்கொள்ளும். லேப்டாப்பில் கார்டை மாற்ற முடியாது, சிலவற்றில் ரேமும் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கும், கடைக்குக் கிளம்பும் முன் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் என்று பார்த்துவிட்டுப் போங்கள். புது ரேம் போட்டபின் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஃப்ரேமில் காரணமே இல்லாமல் நின்றால் மெம்டெஸ்ட்86ஐ ஓர் இரவு ஓடவிடுங்கள், ரேம் குச்சியே பழுதாக வந்திருக்கும். வாரன்டி சீட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.